லைலை ஒன்பது ஓட்டில் முந்தியது

ஹலோ... ஆமா மார்னி, எழுந்துட்டேன்... அஞ்சரைக்கு. பல் தேய்ச்சேன். காபி போட்டேன். மாட்டுக்குத் தண்ணி காட்டினேன். ரொட்டி கருகிடுச்சு, அப்படியே தின்னுட்டேன்... ஆமா, ஆமா, சொல்றேன். ஒன்பது ஓட்டு... தோக்கலம்மா, ஜெயிச்சுட்டேன். நவம்பர்ல கட்சி சார்பா சட்டசபைக்கு நிக்கறது நான்தான், கட்சிக்குள்ளயே எனக்கு எதிரா நின்ன லைல் இல்ல...

அழறியா?... சரி, சிரி. நானும் விடிஞ்சதுலேருந்து சிரிச்சுக்கிட்டுதான் இருக்கேன். மாடெல்லாம் ஒரு மாதிரி பாக்குது.

ஆமா, லைலுக்கு அத்தனை பணம் வந்தும்தான். வர்ஜீனியாவுலேருந்து, டெக்சஸ்லேருந்து... அவங்க எங்க இங்க வந்தாங்க? தெற்கு டகோட்டா மண்ணை மிதிச்சிருக்கவே மாட்டாங்க. நம்ம சம்மதம் இல்லாம நம்ம நிலத்துல கம்பெனிக் குழாய் பதிக்கணும், அதுக்கு லைல் வேணும். என்னைத் திட்டி வீட்டுக்கு வீடு பதினெட்டு நோட்டீஸ். ஒண்ணுல என் படத்துக்குப் பின்னாடி ஆளுயரக் கள்ளி... ஆமா, நம்ம பனி ஊர்ல...

கடைசி நோட்டீஸ் திங்கக்கிழமை வந்தது. 'வேலைவாய்ப்பை ஏன் விரட்டுகிறார்? அவர் மனைவி பிரிட்டாவையே கேளுங்கள்.' கீழ எங்க வீட்டு நம்பர்... ஆமா, உங்கக்காதான். மார்ச்சுல புதைச்சவளைக் கேக்கச் சொல்றான். எங்கயோ பழைய வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கியிருக்கான்... இல்ல, எனக்குக் கோபம் வரல. எனக்கு எதுவுமே வரதில்ல. கோபம் வந்தது சர்ச் அம்மாக்களுக்கு.

அதான், அடக்கத்தன்னைக்குக் கீழ் ஹால்ல ஹாம் சாண்ட்விச் போட்டாங்களே, எட்டுப் பேர்... அவங்களேதான். கட்சிக்குள்ள ஆளைப் பொறுக்கற இந்த ஜூன் ஓட்டுக்கு ஒரு வருஷமும் வராதவங்க. நேத்து சர்ச் வேன்ல வந்து வரிசையா இறங்கினாங்க, கையில நோட்டீஸோட... ஒன்பதாவதா? வேன் ஓட்டின கிளென்... ஆமா, லைலோட மச்சானேதான். வழியில ஆர்டிஸ் அம்மா, 'உன் சாவுக்கு யாருடா சாண்ட்விச் போடுவா?'ன்னு கேட்டாளாம்...

சிரிச்சது போதும், மூச்சு விடு.

ம்... ம்... தெரியல மார்னி. சந்தோஷப்பட்டிருப்பாளோ என்னமோ. என் வேட்பு மனுவுக்கு ஊர்க்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கத்தானே போனா. பனி ரோட்டுல கார் சறுக்கி... ஆமா. அதுக்கு இருபது நிமிஷம் முன்னாடி போன் பண்ணினா... இல்ல, அப்படி எதுவும் சொல்லல... நிஜமாதான். 'லைல் பொண்டாட்டியே கையெழுத்துப் போட்டுட்டா. நீ உருளைக்கிழங்கை வேக வை'ன்னா.