பாதி மிதி

“...எடுத்ததுமே முழுசா மிதிச்சா தையல் மிஷினே நூலை அறுத்துப் போடும். உங்க கிட்டார் மட்டும் சும்மா இருக்குமா?”

மட்டாஞ்சேரியில் கிளம்பிய இடப்பள்ளி பஸ்ஸில், எனக்கு முன் சீட்டுப் பெண் கணவரிடம் கேட்டாள். கோட்டு போட்டிருந்த அவர் மடியில் ஸ்டீல் கிட்டார் பெட்டி. காலடியில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பெடல்.

“தெரியும்டீ. பாதி மிதிச்சு வச்சுத்தான் கம்பியைத் தட்டணும், சத்தம் தேயத் தேய மீதியை மிதிக்கணும். மேடையில காலு தன்னால முழுசா இறங்கிடுது. இன்னிக்குக் கல்யாணத்துலயும் கிட்டார் அவங்க குரலை அமுக்கினா இனி வரண்டா, வரவே வேணாம்னு பாடுற சேச்சி சொல்லிட்டாங்க.”

“நானா இருந்தா போன மாசமே சொல்லியிருப்பேன்.”

“நீ என் ஆளா, அவங்க ஆளா?”

“நான் பெடல் ஆளு. தினம் சுள்ளிக்கல் தையல் கடையில மிதிக்கிறேன்ல? பாதி எதுன்னு வெறுங்காலுக்குத்தான் தெரியும். கட்டை மாதிரி ஷூ போட்டா எப்படித் தெரியும்?”

“கோட்டு போட்டுட்டு வெறுங்காலா? சிரிப்பாங்கடீ.”

“சிரிக்கட்டும். பாட்டு கேக்கட்டும்.”

சொன்னவள் குனிந்து, அவருடைய இரண்டு ஷூவையும் கழற்றித் தன் பைக்குள் திணித்தாள். சுள்ளிக்கல் ஸ்டாப் வந்ததும் பையோடு இறங்கிப் போய்விட்டாள்.