அப்பா விழுந்த நாள்

படிவம் நிரப்புவதென்றால் எனக்குச் சலிப்பே வந்ததில்லை. எங்கள் குடியிருப்பில் யாருக்கு என்ன விண்ணப்பம் போட வேண்டுமானாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுப்பேன். அதனால் நீங்கள் வெறும் வெள்ளைத்தாளைக் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றபோது எங்கே தொடங்குவதென்று கொஞ்சம் தடுமாறிப் போனேன். அப்பாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பா பெயிண்டர். சுவருக்கு வண்ணம் அடிக்கிறவர். நாற்பது வருஷம் ஏணியில் நின்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன்னால் சுவரைத்தான் பார்ப்பார். "ரெண்டாவது தடவை அடிக்காமலே காசு வாங்கிட்டுப் போயிருக்கான்" என்று வீட்டுக்காரர் காதுபடவே சொல்லிவிடுவார். அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவரும்தான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கு அவர் காரணமில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தம்பி வெளியூரில் இருக்கிறான். மாதம் ஒருமுறை போன் செய்து, "நீ இருக்கேங்கற தைரியத்துலதான்க்கா நான் இங்க இருக்கேன்" என்பான்.

எழுபத்தெட்டு வயதில் அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் பெயர்கள் போயின. அப்புறம் குழாயை மூட மறந்தார், அப்புறம் அடுப்பை. நான் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு சாயங்காலம் வீட்டைத் திறந்தால் ஒரே கேஸ் நெடி. ஜன்னலையெல்லாம் சாத்திக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். "என்னமோ வாடை வருது பாப்பா, பக்கத்து வீட்லயா?" என்று கேட்டார். இன்னொரு நாள் கையில் பிரஷ்ஷுடன் நாற்சந்தியில் நின்று, முப்பது வருஷத்துக்கு முன் வேலை செய்த வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தார். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மாளை வைத்தேன். இரண்டே மாதத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று முதியோர் இல்லங்களைப் போய்ப் பார்த்தோம். மூன்றாவதில் அப்பா சுவரைத் தடவிப் பார்த்து, "சுத்தமா அடிச்சிருக்கான்" என்றார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன். ஆனால் அங்கே கேட்ட மாதக் கட்டணம் என் சம்பளத்தை விட அதிகம். முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டு நானும் அங்கேயே தரையில் படுத்துக்கொண்டாலும் கட்டுப்படியாகாது. அந்த இல்லத்தின் மேலாளர் அம்மாள் இரக்கமுள்ளவர். அரசாங்க உதவி ஒன்று இருப்பதாகச் சொன்னார்.

"அஞ்சு விஷயம் கேப்பாங்கம்மா. குளிக்கறது, துணி மாத்திக்கறது, சாப்பிடறது, பாத்ரூம் போறது, எழுந்து நடக்கறது. அதுல மூணு தானா செய்ய முடியலைன்னா பணத்தை அவங்களே கட்டிடுவாங்க."

விண்ணப்பித்தேன். மதிப்பிட ஒரு பெண் அதிகாரி வந்தார். அப்பா அன்று இஸ்திரி போட்ட சட்டையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார். எழுந்து நில்லுங்கள் என்றால் எழுந்து நின்றார். கேட்காமலே குனிந்து கால்விரலைத் தொட்டுக் காட்டினார். இது எந்த வருஷம் என்றதற்கு நான் பிறந்த வருஷத்தைச் சொன்னார். அதிகாரி சிரித்தார், எதையும் குறிக்கவில்லை.

"மறதிக்கு எதுவும் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"கடைசிப் பக்கத்துல குறிப்புன்னு ஒரு வரி இருக்கு. அதுக்கு மார்க் கிடையாதும்மா" என்றார். போகும்போது என் தோளைத் தொட்டு, "இந்த வயசுல இப்படி நடக்கறாரே, நீங்க சந்தோஷப்படணும்" என்றார்.

நிராகரித்த கடிதத்தில், ஆறு மாதம் கழித்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. ஆறு மாதம் போதும் என்று எனக்குத் தோன்றியது.

சாப்பாட்டில் ஆரம்பித்தேன். தட்டை அவர் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டு நானே ஸ்பூனால் ஊட்டினேன். "நானென்ன பச்சைக் குழந்தையா?" என்று இரண்டு வாரம் கோபித்துக்கொண்டார். மூன்றாவது வாரம் ஸ்பூனைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். அப்புறம் சட்டை. பொத்தான் போட அவர் கை மேலே வரும்போதெல்லாம் மெல்ல எடுத்துக் கீழே வைத்துவிடுவேன். ஒரு நாளும் அவரை நான் அதட்டியதில்லை. பக்கத்து வீட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். பெற்ற பிள்ளையைப் போல் பார்க்கிறாள் என்றுதான் சொல்வார்கள்.

கால்தான் சொன்ன பேச்சு கேட்கவில்லை. படுக்க வைத்தால் எழுந்து வந்துவிடுவார். ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டார். முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை, என் வாயில் தானாக வந்தது.

"எழுந்திருக்காதீங்கப்பா. நேத்து விழுந்துட்டீங்க."

"நானா? எங்க?"

"குளியலறை வாசல்ல."

முழங்காலைத் தடவிப் பார்த்தார். "வலி ஒண்ணும் தெரியலையே."

"மாத்திரை குடுத்திருக்கேன்ல."

"உன்னைப் பயமுறுத்திட்டேனா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டார்.

மறுநாளும் அதையே சொன்னேன். அதற்கு மறுநாளும் சொன்னேன். அவருக்கு நேற்று என்ற ஒன்று இல்லாததால் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு காலையும் முதல் தடவை கேட்பதுபோல் திடுக்கிடுவார். ஒவ்வொரு காலையும் என்னிடம் மன்னிப்புக் கேட்பார். நம்பாத நாட்களுக்காக முழங்காலில் ஒரு கட்டுப் போட்டேன். உள்ளே காயம் இல்லை. இருந்தாலும் இரண்டு நாளைக்கொருமுறை துணியை மாற்றிச் சுத்தமாகவே வைத்திருந்தேன். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், டயப்பர் கட்டிவிட்டு வேலைக்குப் போவேன். அடுப்புப் பயம் இல்லை, தெருப் பயம் இல்லை. வெகுநாளைக்குப் பிறகு கடையில் தப்பில்லாமல் வேலை செய்தேன். நான்காவது மாதம் அவருடைய கால்சட்டைக்குள் கால் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

ஆறு மாதம் கழித்து அதே அதிகாரி வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா இது, ஆறு மாசத்துல இப்படி?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"நேத்து விழுந்துட்டேம்மா. பாவம், என் பொண்ணுதான் ஒண்டியா தூக்கினா."

ஐந்தில் நான்கு. அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறித்தார். பத்து நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. இல்லத்தில் படுக்கை காலியாக இன்னும் ஐந்து வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள் நடந்ததை நான் வாயால் சொன்னபோது, அதைத்தான் முக்கியமாக எழுதச் சொன்னீர்கள். நான் குளித்துவிட்டு வருகிறேன், அப்பா சமையலறையில் நிற்கிறார். முழங்கால் கட்டு நழுவிக் கணுக்காலில் கிடக்கிறது. இரண்டு காலும் வெடவெடவென்று நடுங்குகின்றன. ஆனால் முகம் பழைய முகம். உள்ளங்கையால் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இங்க ஈரம் ஏறியிருக்கு பாப்பா. சுரண்டிட்டுத்தான் அடிக்கணும். ஏணியை எடு."

அனுமதிக் கடிதம் அலமாரியில் இருந்தது. பயனாளியின் உடல்நிலையில் முன்னேற்றம் ஏற்பட்டால் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி உண்டு. அந்த வரி எனக்கு மனப்பாடம். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"இப்பதானேப்பா விழுந்தீங்க. இதே இடத்துல. தெரியலையா?"

குனிந்து தரையைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் அன்றுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், வாயைத் திறந்தபடி. சமையலறையிலிருந்து கட்டிலுக்குப் பதினோரு அடி. என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நன்றாகவே நடந்தார். அதுதான் அவர் கடைசியாக நடந்தது.

இல்லத்தில் பதினோரு வாரம் இருந்தார். அங்கே உடற்பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி அவரை நிற்க வைக்கத் தினமும் முயன்றாள். கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "விழுந்துடுவேன், என் பொண்ணு பயந்துடுவா" என்பாராம். அவள் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். எலும்பில் பழைய அடி எதுவும் இல்லை. எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்று என்னைக் கேட்டாள். எங்கும் காட்டவில்லை என்றேன். உங்களுக்குப் புகார் எழுதிப்போட்டது அவள்தான். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, கெட்டிக்காரப் பெண்.

அதற்குள் முதுகில் புண் வந்துவிட்டது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. படுத்தே கிடக்கிறவர்களுக்கு அப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னார். ஒரு மத்தியானம் போய்விட்டார். அப்போது கடையில் ஒருவருக்குப் புது மூக்குக்கண்ணாடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பி போனில் அழுதான். "கடைசி வரைக்கும் நீதானேக்கா தாங்கினே" என்றான்.

நீங்கள் கேட்டது இதுதான், எழுதிவிடுகிறேன். என் அப்பா விழவில்லை. ஒரு தடவைகூட விழவில்லை. நடந்துகொண்டிருந்த மனிதரை நான்தான் படுக்க வைத்தேன். படுத்ததால் செத்தார். அவரைக் கொன்றது நான்தான். இதை என் சுயநினைவோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி இருக்கிறது. இல்லத்துக்கு நான் போகும்போதெல்லாம் அப்பா அந்த விழுந்த கதையைச் சொல்வார். தரையில் தண்ணீர் கிடந்தது என்பார். நிலைப்படியில் முட்டி இடித்தது என்பார். ஈரத் தலையோடு நான் ஓடிவந்து, அப்பா என்று அலறினேன் என்பார். இதில் ஒன்றைக்கூட நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அம்மா பெயரே நினைவில்லாதவர் இத்தனையையும் எங்கிருந்து இட்டுக்கட்ட முடியும்? கொஞ்ச நாளாக எனக்கும் அந்தச் சத்தம் கேட்கிறது, தொப்பென்று, குளியலறை வாசலில். நீங்களும் ஒரு தடவை விசாரித்துப் பாருங்கள். அவர் விழுந்திருப்பார். நான்தான் மறந்திருப்பேன்.