கைராசியம்மா அவரை

தக்காளி விதையை எடுத்தவுடன் கழுவிவிடக் கூடாது. மூன்று நாள் அதன் சாற்றிலேயே கிடந்து புளிக்க வேண்டும். அப்போதுதான் மேலே இருக்கும் வழவழப்பு விடும். அவசரக்காரர்கள் முதல் நாளே கழுவிக் காயவைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று மண்ணைத் திட்டுவார்கள். என்னைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. நான் அவசரப்படுகிறவள் இல்லை, அவ்வளவுதான்.

நீங்கள் கூப்பிடாமல் நானாகத்தான் வந்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். இறந்துபோனவர் என் ஓர்ப்படி, என் கணவருடைய அண்ணன் மனைவி. ஒரே வீடு. மேல்தளம் அவர்களுக்கு, கீழ்த்தளம் எங்களுக்கு, மொட்டை மாடி இரண்டு பேருக்கும். இருபத்திரண்டு வருடமாக நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஒரு நாள்கூட அவர் எதிரில் முகம் கோணியதில்லை. அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். ஓர்ப்படிகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று எங்களைக் காட்டித்தான் தங்கள் மருமகள்களைத் திட்டுவார்கள்.

மாடியில் நாற்பது தொட்டி, ஒரு பந்தல். விதை எடுப்பது என் வேலை. விதை என்றால் எல்லோரும் நடுவதைத்தான் நினைக்கிறார்கள். நடுவது ஒரு நிமிட வேலை. எந்தச் செடியை விதைக்கு விடுவது என்று பார்க்க வேண்டும். அதன் நல்ல காய்களைப் பறிக்காமல் மனதைக் கல்லாக்கிக்கொண்டு முற்றவிட வேண்டும். பிறகு உரித்து, சொத்தை பொறுக்கி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து, புட்டியில் அடைத்து, பெயரும் தேதியும் எழுதி ஒட்ட வேண்டும். எங்கள் படுக்கையறை அலமாரியில் துணிகளுக்கு ஒரு தட்டு, புட்டிகளுக்கு நான்கு தட்டு. "கட்டிக்கத் துணி இருக்கோ இல்லையோ, வெண்டைக்காய்க்கு மட்டும் தனி அறை குடுத்துட்ட" என்பார் என் கணவர்.

அக்கா செய்தது நடுவது. நான் மண்ணைக் கிளறி, குழி போட்டு, தண்ணீர் தெளித்து, விதையை அவர் உள்ளங்கையில் வைப்பேன். அவர் குழியில் போடுவார். முளைக்கும். முளைக்காமல் என்ன செய்யும்? உடனே யாராவது சொல்வார்கள், கைராசி என்று. முதலில் அவருடைய கணவர் சொன்னார். பிறகு பக்கத்து வீடு. பிறகு தெருவே சொன்னது. நானும் சொல்லியிருக்கிறேன். வாய் கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நூலகத்து மாடி அறையில் விதை மாற்றும் கூட்டம் நடக்கும். முப்பது நாற்பது பேர் வருவார்கள். நீளமான மேசைகளில் அவரவர் பொட்டலங்களைப் பரப்பி, ஒன்றைக் கொடுத்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. விதையைக் கொடுத்தவர் பெயரிலேயே விதையைச் சொல்வார்கள். தையல்காரர் மிளகாய், நர்ஸம்மா கீரை, மெக்கானிக் கத்தரி என்று. மெக்கானிக் ஊரைவிட்டே போய் ஆறு வருடம் ஆகிறது; அவர் கத்தரி இன்றும் அவர் பெயரில்தான் காய்க்கிறது.

என்னிடம் ஓர் அவரை இருந்தது. வெள்ளை விதை, கண்ணருகில் ஒரு சிவப்புப் புள்ளி. எங்கிருந்தோ வந்த ஒரு பிடி விதையில் ஒன்றே ஒன்றில்தான் அந்தப் புள்ளி இருந்தது. அந்த ஒன்றை நட்டு, அதில் புள்ளி விழுந்ததை மட்டும் பொறுக்கி, மறுபடி நட்டு, எட்டு வருடம். எட்டாவது வருடம் ஒரு விதைகூடப் புள்ளி தவறவில்லை. காயும் நன்றாக இருந்தது, நார் கிடையாது, முற்றினாலும் இனிப்பு. அன்று அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்து அழுதேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

கூட்டத்துக்கு எடுத்துப் போனோம். பொட்டலங்கள் என் கையால் மடித்தவை, எழுத்து என் எழுத்து. தையல்காரர் ஒரு விதையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இது யாரோடதுங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சிரித்துக்கொண்டே, "எங்க வீட்டு விதைதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பாருங்கள். எங்கள் வீட்டு விதைதான். ஆனால் அடுத்த கூட்டத்தில் சுவரில் ஒட்டிய பட்டியலில் 'கைராசியம்மா அவரை' என்று அச்சடித்திருந்தது. அக்கா அதைப் படித்தார். என்னைப் பார்த்தார். கொஞ்சம் சங்கடப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்கு வரும் வழியில் சொன்னார், "விடும்மா, யார் பேரா இருந்தா என்ன? முளைச்சா சரி."

ஆமாக்கா என்றேன்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவே மாட்டேன். எனக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஒரு மாதம் என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவிவிட்டவர் அவர். நல்லவர்கள்மேல் கோபித்துக்கொள்ள இடமே இருக்காது. சண்டை போட்டிருந்தால் ஒருவேளை தீர்ந்திருக்கும்.

இனி சுரைக்கு வருகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனை இருக்கிறது. அதன் சுவரில் ஒரு பேய்ச்சுரை தானாகப் படர்ந்திருந்தது. பேய்ச்சுரை என்றால் காட்டுச் சுரை, கசப்பு. சும்மா கசப்பு இல்லை. குடலைப் புண்ணாக்குகிற விஷக் கசப்பு. சுரைப்பூவுக்குத் துணிப்பை கட்டாமல் விட்டால் பூச்சி அங்கிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். அந்த வருடக் காயில் ஒன்றும் தெரியாது. அதன் விதையை நட்டால்தான் கசப்பு வரும். அதனால்தான் விதை வைத்திருப்பவர்கள் புதுக் கொடியின் முதல் காயை நுனி நறுக்கி நாக்கில் வைத்துப் பார்ப்போம். கசந்தால் துப்பிவிட்டு, கொடியை வேரோடு பிடுங்க வேண்டும். கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான்.

இந்த வருடம் பந்தலில் ஏறிய சுரை கசந்தது. நான் அதைப் பிடுங்கவில்லை. அதுதான் என் தப்பு என்று மட்டும் உங்களிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வரும் வழியெல்லாம் நினைத்தேன். கவனக்குறைவு. யாருக்கும் நடக்கக்கூடியது. ஆனால் கொடி தானாக வந்து ஏறவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கொடி இப்படித்தான் கசந்தது. அதை முறைப்படி பிடுங்கினேன். ஆனால் பிடுங்குவதற்கு முன் ஒரு காயை முற்றவிட்டு விதை எடுத்து, உலர்த்தி, சாம்பல் கலந்து, மேல்தட்டில் பின்வரிசையில் வைத்தேன். அந்தப் புட்டியில் மட்டும் பெயர் எழுதவில்லை. எதற்காக வைத்தேன் என்று கேட்பீர்கள். விதையை எறிய எனக்கு மனசு வராது. அப்போது அவ்வளவுதான். பட்டியல் சுவரில் ஏறி ஒரு மாதம் ஆகியிருந்தது, ஆனால் இதற்கும் அதற்கும் அப்போது சம்பந்தம் இல்லை.

போன வருடம் அக்காவுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, ருசியும் அதோடு போய்விட்டது. "நாக்கு செத்துப்போச்சும்மா, சர்க்கரையும் சாக்பீஸும் ஒண்ணுதான்" என்பார். உப்பு பார்க்க, பால் கெட்டுவிட்டதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் மாடிக்குக் கூப்பிடுவார். அவர் கணவரை நம்பமாட்டார், அவருக்கு எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று தினமும் காலையில் ஒரு டம்ளர் பச்சைக்காய்ச் சாறு வேறு குடிக்க ஆரம்பித்திருந்தார். வெள்ளரி, பூசணி, சுரை, எது கிடைக்கிறதோ அது. அவர் கணவருக்கு அந்த வாடையே ஆகாது. அதனால் அந்த டம்ளர் அவர் ஒருவருக்குத்தான். இதை நான் யோசித்துப் பார்த்தேன். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் நான் கவனமாகத்தான் இருந்தேன்.

இந்த வருடம் விதை நடும் நாளில் பெயரில்லாத புட்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எப்போதும்போல மண்ணைக் கிளறிக் குழி போட்டேன். மூன்று விதையை அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் போட்டார். மூன்றும் முளைத்தன. "பாரேன், நம்ம கை இன்னும் போகலை" என்று சிரித்தார்.

கசந்த கொடி நல்ல கொடியைவிட வேகமாக வளர்கிறது. முதல் காய் முழங்கை நீளம், பிஞ்சு, பளபளவென்று இருந்தது. அக்கா அறுத்துக்கொண்டுவந்து, சமையலறை மேடையில் வைத்து, நுனியை நறுக்கி என்னிடம் நீட்டினார்.

"நீ வாயில வெச்சுப் பாத்துச் சொல்லு. நீ சரின்னா சரி."

நாக்கில் வைத்தேன். கசப்பு காதுவரை ஏறியது. துப்பினால் தெரிந்துவிடும் என்று விழுங்கினேன். முகம் கோணவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் அன்று உதவியது.

"நல்லா இருக்குக்கா" என்றேன்.

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். எண்ணிப் பாருங்கள், வேறு கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் குடித்தார். ஏழரைக்கு முதல் வாந்தி. எட்டுக்கு அதில் ரத்தம். பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். தலையைத் தாங்கிக்கொண்டதும் நான்தான். இடையில் ஒரு முறை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார், "உனக்கும் ஏதாவது பண்ணுதாம்மா? நீயும் வாயில வெச்சியே?" எனக்கு ஒன்றுமில்லை என்றேன். நல்லவேளை என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த ஒன்பது நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காய் கசந்ததா என்று டாக்டர் கேட்டார். "அவளுக்குத்தான் ருசியே தெரியாதே" என்று அவர் கணவர் அழுதார். யாரும் என்னைக் கேட்கவில்லை. என்னைக் கேட்க யாருக்கும் தோன்றாது. விதைக் கூட்டத்திலிருந்து துக்கம் விசாரிக்க வந்தார்கள். அம்மா நினைவாக எல்லோருக்கும் ஒரு பிடி அவரை கொடுக்கலாம் என்று தையல்காரர் சொன்னார். நாற்பது பொட்டலம் மடித்தேன். 'கைராசியம்மா அவரை' என்று நாற்பது முறை என் கையால் எழுதினேன்.

பிறகு உங்கள் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்தார். சந்தேகம் என்று இல்லை, முறைக்கு வந்தேன் என்றார். பந்தலில் மிச்சமிருந்த காயையும், அலமாரியில் பெயரில்லாத புட்டியில் மிச்சமிருந்த சுரை விதையையும் உறையில் போட்டு ஒட்டினார். "இது யாரோட விதை?" என்று கேட்டார். என் கணவரின் அண்ணன் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார், "எல்லாமே அவளோடதுதாங்க. அவ கைராசி அப்படி." உங்கள் ஆள் அதை அப்படியே உறையின் மேல் எழுதினார். 'சுரை விதை. இறந்தவருக்குச் சொந்தமானது.' நான் கதவோரம் நின்று படித்தேன். அன்றைக்கே வந்திருப்பேன். அவசரப்படக் கூடாது என்று மூன்று நாள் இருந்து பார்த்தேன்.

அவரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் முதலில் அந்த உறையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்த விதையை எடுத்தது நான், உலர்த்தியது நான், இரண்டு வருடம் பூச்சி அரிக்காமல் காப்பாற்றியது நான். மேலே எழுதியிருப்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள். பெயருக்கு ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. பொட்டலத்தில் தப்பான பெயர் இருந்தால் பின்னால் எடுக்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.