கரடிச் சாலையில் திருமண நாள்

சீட் பெல்ட் போடாமல் நான் ஒருநாளும் வண்டியைக் கிளப்பியதில்லை, ஐயா. அதைக் கேலி செய்பவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. பயந்தாங்கொள்ளி என்பார்கள். வருமுன் காப்பவனுக்கு இந்த நாட்டில் அதுதான் பெயர்.

என் மனைவி ஸ்மரண்டாவை நான் பின்சீட்டில்தான் உட்கார வைப்பேன். விபத்தென்றால் முன்னால் இருப்பவருக்குத்தான் முதல் அடி. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஆனாலும் பின்கதவுகளில் குழந்தைப் பூட்டைப் போட்டே வைத்திருப்பேன். உள்ளேயிருந்து திறக்காது. அவளுக்கு யோசிக்காமல் இறங்கிவிடும் பழக்கம் உண்டு. ஒருமுறை பிட்டெஷ்ட் நகரத்துச் சிக்னலில் இறங்கி, தங்கை வீட்டுக்குப் பஸ் ஏறப் போய்விட்டாள். அதன் பிறகுதான் பூட்டு.

சனிக்கிழமை எங்கள் திருமண நாள். வருஷா வருஷம் போல புக்கரெஸ்டிலிருந்து மலைக்குக் கிளம்பினோம். அதே விடுதி, அதே அறை. வழியில் இறைச்சி சுட்டு விற்கும் கடையில் நிறுத்தினேன். ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டிய கடைக்காரி சும்மா இருக்கவில்லை.

"என்னங்க, பொண்டாட்டி பின்னாடி, நீங்க முன்னாடி? டாக்ஸியா ஓட்டுறீங்க? பாத்துக்கோம்மா, மீட்டர் எகிறிடப் போகுது."

"பத்தொன்பது வருஷமா ஓடிட்டுதான் இருக்கு. டிரைவர்தான் இறங்க விட மாட்டேங்கிறார்," என்றாள் ஸ்மரண்டா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

அணைக்கட்டைத் தாண்டியதும் அவளே பேச்சை எடுத்தாள்.

"டோரின், திங்கக்கிழமை நான் க்ளூஜுக்குப் போறேன், தங்கச்சி வீட்டுக்கு. திரும்பி வர மாட்டேன். சண்டை வேண்டாம்."

நான் சண்டை போடவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. விடுதிக்குத் திரும்பும் வளைவை விட்டுவிட்டு மேலே ஓட்டினேன். அந்தச் சாலையில் கரடிகள் ரொட்டிக்காகத் தடுப்புச்சுவரோரம் உட்கார்ந்திருக்கும்; உங்களுக்குத் தெரியாததா. இறங்காதீர்கள் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். நிதானமாகப் பேச அதைவிட நல்ல இடம் இல்லை என்று பட்டது. அங்கே யாரும் பேச்சின் நடுவில் எழுந்து போக மாட்டார்கள். தூறல் வேறு, சாலையில் ஒரு வண்டியும் இல்லை.

ஒரு பெரிய கரடிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். "இப்ப சொல்லு," என்றேன்.

"மூச்சு முட்டுது. கண்ணாடியை இறக்கு. பாவம், அதுக்கு ரொட்டி போடறேன்."

திருமண நாளாயிற்றே என்று இறக்கினேன். அன்றைக்கென்று அவள் சுட்டிருந்த வால்நட் ரொட்டியை முழுசாகச் சுவருக்கு அப்பால் வீசினாள். கரடி சுவரேறி அதன் பின்னால் இறங்கிப் போயிற்று. அவள் கையை வெளியே விட்டுக் கதவைத் திறந்துகொண்டாள். கெட்டிக்காரி. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அணையை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். கூப்பிட்டேன்.

"நான் நடந்தே போயிக்கிறேன். நீ பத்திரமா இரு. பெல்ட்டைக் கழட்டிடாதே," என்றாள்.

அவள் திறந்துபோட்ட கதவை எட்டிச் சாத்தினேன். கண்ணாடியை ஏற்றினேன். எல்லாக் கதவையும் பூட்டினேன். கரடி இருக்கும் இடத்தில் அதுதான் முறை.

வளைவில் இன்னொரு கரடி, குட்டிகளோடு. எனக்கு முன்பே அவள் பார்த்துவிட்டாள். திரும்பி ஓடி வந்தாள். கைப்பிடியை இழுத்தாள், கண்ணாடியில் தட்டினாள். பயத்தில் உறைந்துபோனேன் என்று சொல்லச் சொல்கிறார் என் வக்கீல். இல்லை, ஐயா. என் விரல் பூட்டுப் பொத்தான் மேல்தான் இருந்தது. அழுத்தினால் திறந்திருக்கும். அதற்கு நேரமும் இருந்தது.

"திற, டோரின். நான் எங்கயும் போகல. உன்கூடவே இருக்கேன், சத்தியமா. உள்ள விடு."

பத்தொன்பது வருஷத்தில் அவள் என்னிடம் அப்படிச் சொன்னதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். இன்னொரு தடவை சொல்லட்டும், கேட்டுவிட்டுத் திறக்கலாம் என்று இருந்தேன்.