தேவகனி அக்காளுக்க ரேஷன் அட்டை

ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வைங்க சாரே. எனக்காகச் சொல்லல, மேசையில கிடக்குத அட்டைக்குக் காத்து ஆகாது. அதுக்கு வயசு எம்பத்திரெண்டு. என்னைவிடப் பன்னெண்டு மூப்பு.

நான் நேசமணி, பள்ளிக்கூடத்துல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன். இருபது வருசமா ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துக் கடலாசு, பழைய பேப்பரு, சேர்த்துட்டு வாறேன். பட்டாளக்காரன் கதை எனக்கு வேண்டாம். அப்போ இங்க வீட்டுல இருந்தவங்க எப்பிடி வயித்தைக் கழுவினாங்கன்னு காட்டுத அச்சுச் சாமானம்தான் வேணும். விளக்கை மறைக்கச் சொன்ன நோட்டீசு, அரிசிக்குப் பதிலா மரச்சீனிக் கிழங்கு தின்னச் சொன்ன துண்டுத்தாளு, சபைப் பத்திரிகை. கோட்டாத்துல கடலை மடிக்கப் போனதைக்கூடப் பறிச்சுட்டு வந்திருக்கேன். ஊருல எலின்னு கேலி பண்ணுவானுவ. பண்ணட்டும்.

ரேஷன் அட்டை மட்டும் ஒருத்தன்கிட்டயும் இல்ல. பக்கத்து வீட்டுத் தேவகனி அக்கா ஒண்ணு வச்சிருந்தாவ. தொண்ணூறு வயசு. அக்காளுக்க மருமவ பிரிஜா வேலைக்குப் போற நேரம் நான்தான் துணைக்கு இருப்பேன். அந்த அட்டையில அக்காளுக்க தம்பி பேரு உண்டு. நாலு வயசுல, சண்டைக் காலத்துப் பஞ்சத்துல செத்துப்போன பிள்ளை. போட்டோ கிடையாது. கோயில் ஞானஸ்நான ரெஜிஸ்டரைச் சிதல் தின்னுட்டு.

"ஏலே நேசமணி, அவன் பொறந்ததுக்கு இந்த ஒரு கடலாசுதான் சாட்சி. நான் செத்தா வேதப் புத்தகத்தோட இதையும் பெட்டியில வச்சிரணும். வப்பியா?"

"வப்பேன் அக்கா"ன்னேன்.

எங்க சபையில வேதத்தை நெஞ்சுல வச்சுத்தான் பெட்டியை மூடுவாங்க. நல்ல வழக்கம்தான். ஆனா கடலாசு மண்ணுக்குள்ள ஒரு மழை தாங்காதே. 

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அட்டையைக் கையில வச்சுப் பாத்துட்டு இருக்கும்போ அக்காளுக்கு இழுப்பு வந்துது. மூச்சு முட்டினா மனுசன் கையை இறுக்கிப் பிடிப்பான், கேட்டியளா. அட்டை உள்ள மாட்டிக்கிட்டு. பிடிச்சு இழுத்தா பொடிஞ்சு போகும். நான் அவசரப்படல. பக்கத்துல உக்காந்து, பயப்படாதீங்கன்னு தலையைத் தடவிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்துல விரலு ஒவ்வொண்ணாத் தளந்துது. ஒரு கீறல் விழாம எடுத்தேன்.

அக்காளுக்க பெட்டியில, வேதத்துக்குள்ள ஜெராக்ஸ் வச்சேன். சாயாவுல நனைச்சு உணத்தினதுனால பாக்க அசல் மாதிரியே இருந்துது. ஆனா மூடுததுக்கு முன்ன பிரிஜா வேதத்தைத் திறந்து, அந்த ஜெராக்ஸைத் திருப்பிப் பாத்துட்டா. அசல்ல பின்பக்கம் அரிசி வாங்கின தேதி பூரா உண்டு. நான் எடுத்தது ஒரு பக்கம் மட்டும். என்னைப் போல ஆளு செய்யக்கூடாத பிழை அது.  அவ நேரா உங்க ஸ்டேஷனுக்கு வந்துட்டா.

ஒண்ணு சொல்லுகேன். ஆல்பத்துல வச்ச பெறகு ஒரு நாளும் அதைத் திறந்து பாக்க முடியல. திறந்தா அந்த இழுப்புச் சத்தம் கேக்கு. எனக்குப் பயமா இருக்கு சாரே.

இன்ஹேலர் எங்க இருந்துதுன்னு கேட்டியள்லா? எனக்க சட்டைப் பையில. அக்கா அதையே பாத்துட்டு இருந்தாவ. கொடுத்தா உயிரு வந்து, கை மறுபடி இறுகும். ஆனா நான் கொடுக்காம இருக்கல, அதை அப்பிடியே எழுதிக்கிடுங்க. அட்டை கைக்கு வந்த உடனே, வேற ஒரு வேலையும் பாக்காம, அக்காளுக்க வாயில வச்சு ரெண்டு தரம் அமுக்கினேன்.