பாரம் இல்லாத கால்

பிச்சாட்டூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில், என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். கணவருக்குத் தொடை எலும்பு முறிந்து ஆறு மாதமாகியும் சேரவில்லை என்பது பேச்சில் தெரிந்தது.

“எலிக்குக் கால் ஒடிஞ்சா நம்ம பொண்ணு பக்கத்துலயே உக்காந்துக்கினு பாக்கறா. பெத்த நைனாவுக்கு ஒடிஞ்சா வரமாட்டாளா?” என்றார் மனைவி.

“அது ஆராய்ச்சி. விண்வெளிக்குப் போறவங்களுக்காக. எலியோட பின்னங்காலத் தரையில படாம தொங்க உட்டுடுவாங்களாம். பாரம் இல்லன்னா எலும்ப வளக்கற ஜீன் எல்லாம் அடங்கிப் பூடுமாம். ஒடிஞ்சது சேராதாம். சதையும் கரைஞ்சி பூடுமாம்.”

“யார் சொன்னது?”

“நம்ம பையன் போன்ல அவ பேசன வீடியோ இருந்திச்சி. நாலு வாட்டி பாத்தேன்.”

“அவ்ளோ தெரிஞ்சவ, ஒரு வாட்டி வந்து உன் காலப் பாத்தா இன்னா?”

புத்தூர் தாண்டிய பிறகுதான் கணவர் சொன்னார்.

“அவ ஆஸ்பத்திரிக்கு வந்தா. நீ சோறு துன்னப் போயிருந்த. வேற சாதிக்காரனக் கட்டினவ என் மூஞ்சில முழிக்காதன்னு நான்தான் தொரத்தி உட்டேன்.”

திருப்பதியில் அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனார். கணவரைக் கண்டக்டர்தான் தோள் கொடுத்து இறக்கிவிட்டார்.