சாப்பாட்டுக்கு முன் எழுந்து போனவர்கள்

சித்தேரி மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் ஒரு தொண்டு நிறுவனத்தின் தலைவரும் அங்கே வேலை பார்க்கும் பெண்ணும் உட்கார்ந்திருந்தார்கள்.

"நாம குடுத்த தையல் மெஷினுக்கு அடியில கோழி அடை படுத்திருக்குதுங்க சார்."

"நம்ம அஞ்சு வருஷ பிளான்ல மலை ஊர்க்காரங்க கேட்டதுதானம்மா அது?"

"அவங்க எங்கீங்க சார் கேட்டாங்க? தர்மபுரியில கூட்டம் போட்டு, ஊருக்கு என்ன வேணும்னு கேக்கறத மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வெச்சோம். மலைக்குப் போற பஸ்ஸு போயிரும்னு அவங்க அதுக்கு முன்னாடியே எந்திரிச்சுட்டாங்க. தையல் மெஷின்னு நாமளா எழுதிக்கிட்டோம்."



"சொல்லாம போறாங்களேன்னு அன்னிக்கு எனக்குக் கோவம்மா. அத்தன பேருக்கு ஆக்குன சோறு வீணாப் போச்சேன்னுதான் வருத்தப்பட்டேன்."